பதிமூன்று இடது கால்கள்

மதுரையில் கால் மாற்றி ஆடிய பெருமை இரண்டே பேருக்குத்தான் உண்டு. ஒருவர் வெள்ளியம்பலத்து நடராசர். எந்நேரமும் ஒரே காலில் நின்றால் வலிக்குமே என்று ஒரு பாண்டிய ராஜா அழுது கேட்டதால், போனால் போகிறதென்று அவர் காலை மாற்றினார். இன்னொருவர் பழங்காநத்தம் சீதாலட்சுமி. அவரிடம் எந்த ராஜாவும் வந்து அழவில்லை. யாரும் கேட்காமல், தனக்கே தெரியாமல், ஒரு பந்தி ஹால் நிறைய ஆட்களின் காலை மாற்றிவிட்டார். நடராசர் மாற்றியது ஒரே ஒரு ஆளின் காலை, அதுவும் சொந்தக் காலை. ஆகவே இருவரில் பெரியவர் யார் என்பதில் சந்தேகமே வேண்டாம். கோயில் தரப்பில் யாருக்காவது மனத்தாங்கல் இருந்தால், கடைசிவரை படித்துவிட்டு வந்து சண்டை போடலாம்.

சீதாலட்சுமிக்கு ஐம்பது வயது ஆகப்போகிறது. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டுக்குள் அவர்கள் பாஷை, படி இறங்கினால் மதுரைத் தமிழ், ஒத்திகையில் கோபம் வந்தால் இரண்டும் கலந்து கொட்டும். கணவர் வெங்கடேஷ்பாபுவுக்குச் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. நாடகம் என்றால் அவருக்குத் தெரிந்ததெல்லாம், மனைவியை எங்கே கொண்டுபோய் விட வேண்டும், எப்போது போய்க் கூட்டி வர வேண்டும் என்பதுதான். ஆனால் அந்த இரண்டில் ஒருநாளும் அவர் பிசகியதில்லை.

ஊரில் சீதாலட்சுமியை 'டான்ஸ் மிஸ்' என்பார்கள். அவருக்கு அது பிடிக்காது. அவர் செய்யும் வேலை அதுவல்ல. பாட்டு நாடகத்தில் பேச்சும் உண்டு, பாட்டும் உண்டு, ஆட்டமும் உண்டு. வழக்கமாக இதற்கு இரண்டு ஆள். இயக்குகிறவர் 'நீ இங்க நில்லு, நீ அங்க அழு' என்று சொல்லிக்கொண்டே வருவார். பாட்டு வந்ததும் டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். அப்புறம் டான்ஸ் மாஸ்டர் வந்து, அதுவரை அழுதுகொண்டிருந்தவளை இடுப்பில் கை வைத்து ஆடச் சொல்வார். அழுதவள் ஏன் ஆடுகிறாள் என்று டான்ஸ் மாஸ்டருக்கும் தெரியாது, அழுதவளுக்கும் தெரியாது. சீதாலட்சுமி இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆளாகப் பார்ப்பவர். இயக்கமும் அவர்தான், நடன அமைப்பும் அவர்தான்.

"பேச்சு எங்க முடிஞ்சுச்சு, ஆட்டம் எங்க ஆரம்பிச்சுச்சுன்னு பாக்குறவனுக்குத் தெரிஞ்சா, அது ஒட்டுப்போட்ட சேலை" என்பார். "கொடத்தக் கீழ வைக்கக் குனியிறா பாரு, அங்கயே ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. பாட்டு பின்னாடி மெதுவா வந்து சேரட்டும்."

இவ்வளவு பெரிய தத்துவத்தை வைத்துக்கொண்டு அவர் இத்தனை காலமும் செய்தது பள்ளிக்கூட ஆண்டு விழா. முக்கால் மணி நேர நாடகம் ஒன்றைத் தயார் பண்ணிக்கொண்டு போவார். அங்கே பேசுகிறவர்கள் பேசுவார்கள். பொன்னாடை போர்த்துவார்கள். போர்த்தியவரை மேடையிலேயே நிறுத்தி அவருக்கும் ஒன்று போர்த்துவார்கள். கடைசியில் ஒரு டீச்சர் மூச்சு வாங்க ஓடிவருவார். "மேடம், எட்டு நிமிஷத்துல முடிச்சிருங்க. சீஃப் கெஸ்ட் கெளம்பணுமாம்." காடு, ராஜா, சுயம்வரம், போர், பிரிவு எல்லாம் எட்டு நிமிஷத்துக்குள் நடந்தாக வேண்டும். ஒரு வருஷம் மாலையும் கழுத்துமாக மேடைக்கு வந்த ராணி அதே மாலையோடு செத்துப்போனாள். கூட்டம் அதற்கும் கைதட்டியது.

ஆகவே சீதாலட்சுமிக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. தான் உண்டாக்கிய ஒரு நாடகம், முதலிலிருந்து கடைசிவரை, யாரும் கத்தரி வைக்காமல், ஒரு மேடையில் நடக்க வேண்டும்.

அதற்காக அவர் எழுதியதுதான் 'லாரி வருது'. ஒரு தெரு தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிறது. விடிந்ததிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் காத்திருக்கிறது. அவ்வளவுதான் கதை. இதற்குள் ஒரு கல்யாணம் நிச்சயமாகி முறிகிறது, இரண்டு வீட்டுக்காரர்கள் வெட்டுக்குத்து வரை போய் ஒரே குடத்தில் தண்ணீர் குடிக்கிறார்கள், ஒரு பெண் இல்லாத தண்ணீரை வைத்துக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறாள். எல்லாம் பாட்டு, எல்லாம் ஆட்டம், கையில் பிளாஸ்டிக் குடம்.

ஆடுகிறவர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இல்லை. மொத்தம் பதினாலு பேர், ஒருவனைத் தவிர எல்லோரும் வேலை வெட்டி உள்ளவர்கள். ஜெயபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். நாடகத்தில் லாரி டிரைவராகப் பதவி உயர்வு. முத்துமீனா காளவாசலில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிற அக்கா. அன்னக்கொடி மேற்கே உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மதுரைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து கீரைக்கடை போட்டிருக்கிறார். அவருடைய தொண்டைக்கு மைக் தேவையில்லை, மைக்குக்குத்தான் அவரிடமிருந்து பாதுகாப்புத் தேவை. லாரி என்பது நீலத் தார்ப்பாயும் அதற்குள் நாலு ஆளும். வேலைக்குப் பரீட்சை எழுதி எழுதித் தோற்கிற அந்த ஒருவன், அதாவது இதை எழுதுகிறவன், அந்த லாரியின் பின் சக்கரம். சக்கரத்துக்கு வசனம் கிடையாது. மற்ற மூவரும் தெருக்காரர்களாக வெளியே வந்தும் ஆடுவார்கள்; அவன் மட்டும் கடைசிவரை தார்ப்பாய்க்குள் குனிந்தே போக வேண்டியதால் முகமும் தெரியாது, காலும் தெரியாது. அதனால் இந்தக் கதையில் அவனைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

ஒத்திகைக்கு இடம் பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால். ஆடியிலும் மார்கழியிலும் ஊரில் யாரும் கல்யாணம் பண்ணுவதில்லை. மண்டபம் சும்மா கிடக்கும். வாட்ச்மேன் மொக்கையன் அண்ணன் திறந்துவிடுவார். ஆகவே சீதாலட்சுமியின் நாடகங்கள் எல்லாமே ஆடியில் பிறந்து மார்கழியில் நடக்கப் பழகியவை. தை பிறந்துவிட்டால் சாம்பார் வாளிகள் உள்ளே வந்துவிடும், நாடகம் வெளியே போய்விடும்.

அவர் சொல்லிக்கொடுக்கும் விதம் ஒன்று உண்டு. சொல்லவே மாட்டார். 'ஒன் டூ த்ரீ' எண்ண மாட்டார். நடுவில் வந்து நிற்பார், "பாத்துக்கங்க" என்பார், ஒரே தடவை ஆடிக்காட்டுவார். அதில் நடிப்பும் இருக்கும், ஸ்டெப்பும் இருக்கும், ஏன் அழுகிறாள், ஏன் ஆடுகிறாள் என்பதும் இருக்கும். பதினாலு பேரும் அந்த உடம்பைக் கண் கொட்டாமல் பார்த்து அப்படியே எடுத்துக்கொள்வார்கள். பந்தி ஹாலில் ஆளுயரக் கண்ணாடி கிடையாது. கை கழுவுகிற இடத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்ணாடி, மூஞ்சி மட்டும் தெரியும். 'மாஸ்டர்' என்றுதான் அவரைக் கூப்பிடுவார்கள்; அந்த மாஸ்டர்தான் அவர்களுக்குக் கண்ணாடி.

ஆடி முடிகிற சமயத்தில் சென்னையிலிருந்து ஒரு அமைப்பு கூப்பிட்டது. தென் மாவட்டங்களில் ஒரே ஒரு பாட்டு நாடகத்தைத் தேர்ந்தெடுத்து ஊர் ஊராக மேடை ஏற்றப்போகிறார்களாம். மார்கழியில் நேரில் வந்து பார்ப்பார்களாம். சீதாலட்சுமி போனில் கேட்ட முதல் கேள்வி, "வெட்ட மாட்டீங்கள்ல?" என்பது.

"முழு நாடகம்தான் மேடம்."

போனை வைத்துவிட்டு அவர் கணவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஒன்று போட்டுக் கொடுத்தார். வெங்கடேஷ்பாபு எதுவும் கேட்காமல் இரண்டையும் குடித்தார்.

ஆவணியில் காளவாசலில் சீதாலட்சுமியின் ஸ்கூட்டர் சறுக்கியது. பெரிய விபத்தெல்லாம் இல்லை; பஸ்ஸுக்கு ஒதுங்கப் போய் விழுந்தார். எலும்பு ஒட்டிக்கொண்டது. நரம்பு ஒட்டவில்லை. இடது பாதத்தின் முன்பக்கம் தூக்க வரவில்லை. ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் தரையை இழுத்துக்கொண்டு வரும். அந்த இழுப்பைச் சமாளிக்க இடது தோள் கொஞ்சம் ஏறி இறங்கும். தரையில் 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

"இதுக்கு மேல வராதும்மா. பழகிக்கங்க" என்றார் டாக்டர்.

அதைக் கேட்டது அவரும் கணவரும், இரண்டே பேர். குழுவிடம் சீதாலட்சுமி சொன்னது வேறு. "தை பொறந்தா சரியாயிரும்னு சொல்லிட்டாங்க." அன்னக்கொடி உடனே வண்டியூர் மாரியம்மனுக்கு வெள்ளியில் ஒரு கால் வாங்கிப் போடுவதாக நேர்ந்துகொண்டார்.

மார்கழி முதல் நாளே மாஸ்டர் பந்தி ஹாலுக்கு வந்துவிட்டார். கைத்தடியை வாசலிலேயே வெங்கடேஷ்பாபுவிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார். படுத்துக் கிடந்த நாளெல்லாம் அவர் சும்மா படுத்திருக்கவில்லை. நாடகத்தின் பின்பாதியை மனசுக்குள் மொத்தமாகப் பிரித்துப் புதிதாகக் கோத்திருந்தார். பழையது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நன்றாக இருப்பதைக் கலைக்காமல் விட்டால் அவருக்கு ராத்திரி தூக்கம் வராது. நடுவில் வந்து நின்றார். "பாத்துக்கங்க" என்றார். அந்தக் காலோடு ஆடிக்காட்டினார்.

பார்த்தார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் கேலி செய்யவில்லை, சத்தியமாக இல்லை. மாஸ்டர் உடம்பில் வருவதுதான் ஆட்டம் என்று அத்தனை ஒத்திகையிலும் பழகியவர்கள். எது ஸ்டெப், எது வலி என்று பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இடது கால் இழுத்து வந்தது, இடது தோள் ஏறி இறங்கியது, குடம் அதற்குத் தகுந்தாற்போல் சாய்ந்தது. புதுப் பாதிக்கு வந்தது பிறகு பழைய பாதிக்கும் பரவியது. எல்லோரும் ஒரே மாதிரி இழுத்ததால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை. மாஸ்டருக்கும் தெரியவில்லை. அவர் உடம்புக்குள் அந்த ஆட்டம் அப்போது அப்படித்தான் இருந்தது. வெளியே அதே மாதிரி பார்த்தபோது சரியாக இருக்கிறது என்று நினைத்துவிட்டார்.

பதினாலு பேரில் பதிமூன்று பேர் இழுத்தார்கள். மிச்சம் ஒருவன் பின் சக்கரம். சக்கரம் உருளும், நொண்டாது.

கண்டுபிடித்தது வெங்கடேஷ்பாபு. எப்போதும் வெளியே வண்டியில் உட்கார்ந்திருக்கிறவர், அன்றைக்குத் தூறல் விழுந்ததால் ஹால் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார். பார்த்தவருக்கு ஒரு நிமிஷம் அதில் தன் மனைவி யார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னார். "ஒன் ஆளுக எல்லாரும் ஒன்ன மாதிரியே நடக்குறாங்க."

"என் ஆளுக. வேற யாரு மாதிரி நடப்பாங்க?" சீதாலட்சுமிக்குப் பெருமை.

"அதச் சொல்லல." அவர் சேலைக் கட்டு ஒன்றை எடுத்து அவிழ்த்து, மறுபடியும் அதே மாதிரி கட்டினார். "காலச் சொன்னேன்."

முத்துமீனா வாட்சப் குரூப்பில் போட்டிருந்த ஒத்திகை வீடியோவைச் சீதாலட்சுமி ஏற்கெனவே பலமுறை பார்த்திருந்தார். இந்தமுறை முகங்களைக் கையால் மறைத்துக்கொண்டு தரையை மட்டும் பார்த்தார். அப்புறம் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் ஒத்திகையில் முதல் தடவையாக அவர் வாயால் சொல்லிக்கொடுக்க முயன்றார்.

"இடது கால நல்லாத் தூக்கி வைங்க."

"தூக்கித்தான மாஸ்டர் வைக்கிறோம்?" என்றார் ஜெயபாண்டி.

"தூக்கல தம்பி. தரையில ஒரசுது."

"அப்பிடியா? ஒருக்கா நீங்க செஞ்சு காட்டுங்க மாஸ்டர், புடிச்சுக்கிறோம்."

செஞ்சு காட்டச் சொல்லிவிட்டார்கள். எல்லோரும் சுற்றி வந்து நின்று ஆசையாகக் காலைப் பார்த்தார்கள். சீதாலட்சுமி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிக்காட்டினார். அவர்கள் அதைத் துல்லியமாகப் பிடித்துக்கொண்டார்கள். பதிமூன்று 'சர்ர்' ஒரே நேரத்தில், டைல்ஸ் தரையில் யாரோ பெஞ்சை இழுத்தது மாதிரி கேட்டது.

"சரி, இப்பிடிப் பாருங்க. நான் வலது கால்ல காட்டுறேன், நீங்க அத இடது காலுக்கு மாத்திக்கங்க."

வலது காலைத் தூக்கினால் இடது காலில் நிற்க வேண்டும். அது வெள்ளியம்பலத்துக்காரருக்கு முடிந்தது. சீதாலட்சுமிக்கு முடியவில்லை. ஜெயபாண்டி ஓடிவந்து பிடித்திருக்காவிட்டால் தலை கை கழுவுகிற தொட்டியில் இடித்திருக்கும்.

"ரெஸ்ட் எடுங்க மாஸ்டர்" என்றார் முத்துமீனா. "அதான் தை பொறந்தா சரியாயிருமே. எதுக்கு இம்புட்டு அவசரம்?"

அந்த இடத்தில் அவர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'நீங்க ஆடுறது என் ஆட்டம் இல்ல, என் நொண்டி' என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அடுத்ததையும் சொல்ல வேண்டும். தை பிறந்தாலும் சரியாகாது, இனி ஒரு ஆட்டத்தையும் இந்த உடம்பால் காட்ட முடியாது, காட்ட முடியாத மாஸ்டரிடம் நீங்கள் வந்து பிரயோஜனமில்லை. இதையெல்லாம் பதினாலு முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். "மறுபடி மொதல்ல இருந்து" என்றார்.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். கைத்தறிச் சேலை கட்டிய ஒரு அம்மா, டேப்லட்டோடு ஒரு இளைஞர். அவர்கள் வருவதற்கு முன்பே சீதாலட்சுமி சேரில் உட்கார்ந்துவிட்டார். வணக்கமும் உட்கார்ந்தபடியே சொன்னார். இளைஞருக்கு அது அவ்வளவாகப் பிடித்த மாதிரி தெரியவில்லை.

நாடகம் நடந்தது. முதலிலிருந்து கடைசிவரை நடந்தது. யாரும் எட்டு நிமிஷம் என்று ஓடிவரவில்லை. அன்னக்கொடி இல்லாத தண்ணீரில் குழந்தையைக் குளிப்பாட்டியபோது அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மொக்கையன் அண்ணன் வாசல் கதவில் சாய்ந்தபடி அசையாமல் நின்றார். சீதாலட்சுமியின் ஆசை நிறைவேறிவிட்டது என்று சொல்லலாம். அவருடைய நாடகம் ஒன்று வெட்டுப்படாமல் முழுசாக நடந்தது. பார்த்தவர்கள் மொத்தம் மூன்று பேர், அதில் ஒருவர் வாட்ச்மேன்.

முடிந்ததும் இளைஞர் கேட்டார். "ரொம்ப நல்லா இருந்தது மேடம். ஒரே ஒரு சந்தேகம். எல்லாரும் ஏன் நொண்டுறாங்க?"

ஜெயபாண்டி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "யாரு சார் நொண்டுனது?"

"நீங்கதான் சார். எல்லாருமே."

"நாங்களா? நல்லா இருக்கே கதை! காலு கையி நல்லாருக்குற ஆளப் பாத்து..."

"கொஞ்சம் நடங்களேன்."

ஜெயபாண்டி வீராப்பாகக் கை கழுவுகிற இடம்வரை போய்த் திரும்பி வந்தார். பாதி வழியில் அவருக்கே சத்தம் கேட்டுவிட்டது. நின்று தன் இடது காலைக் குனிந்து பார்த்தார். கோயில் வாசலில் அடுத்தவன் செருப்பை மாட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிட்டவன் பார்ப்பானே, அப்படிப் பார்த்தார்.

ஒருத்தர் பின் ஒருத்தராக எல்லோரும் குனிந்தார்கள். முத்துமீனா மட்டும் தன் காலைப் பார்க்கவில்லை. சேரைப் பார்த்தார். சேலைக் கரைக்குக் கீழே மாஸ்டரின் இடது பாதம் மெதுவாகச் சேருக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது.

"மேடம், அது வந்து எங்க மாஸ்டருக்கு..."

"முத்துமீனா. நீ சும்மா இரு."

அந்த அம்மா நல்லவர்தான். தயங்கித் தயங்கிப் பேசினார். "தப்பா எடுத்துக்காதீங்க. நடக்க முடியாதவங்களும் இதப் பாக்க வருவாங்க இல்லையா? அவங்களக் கேலி பண்றாப்ல இருக்கு. இத நாங்க மேடையேத்த முடியாது. இது தெரியாம வந்ததா, நீங்க யோசிச்சு வச்சதா?"

சீதாலட்சுமி எழுந்து நாலு எட்டு நடந்திருந்தால் போதும். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்குப் புரிந்திருக்கும். பாவம் என்றாவது எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

"யோசிச்சு வச்சதுதான்" என்றார் உட்கார்ந்தபடியே. "தண்ணி தூக்கித் தூக்கித் தெருவே நொண்டுது. டைரக்‌ஷனும் என்னோடது, ஸ்டெப்பும் என்னோடது. இவங்க நான் சொன்னதச் செஞ்சாங்க, அவ்வளவுதான்."

"மத்ததெல்லாம் எங்களுக்குப் பிடிச்சிருக்கு. அந்த நடைய மட்டும் மாத்திட்டு ஒரு வீடியோ அனுப்புங்களேன். தை கடைசி வரைக்கும் டைம் தரலாம்."

கேட்டுக்கொண்டிருந்த எல்லோருக்கும் மூச்சு வந்தது. மாஸ்டர் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தார்கள். அவர் தன் ஆட்களை ஒரு சுற்றுப் பார்த்தார். 'செஞ்சு காட்டுங்க மாஸ்டர்' என்று கேட்கப்போகிற அத்தனை முகத்தையும் பார்த்தார்.

"முடியாதுங்க" என்றார்.

"முடியாதுன்னா?"

"மாத்த முடியாது. இருக்குறது இதுதான்."

இளைஞர் டேப்லட்டை மூடினார். "இவ்வளவு பிடிவாதம் ஆகாது மேடம்" என்றார். கிளம்புமுன் எல்லோரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாம் என்று அந்த அம்மா கூப்பிட்டார். "நீங்க எடுத்துக்கங்க" என்று சீதாலட்சுமி அசையவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அவர்கள் போன பிறகு அன்னக்கொடி குடங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினார். ஜெயபாண்டி தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார்.

"எந்திரிங்க மாஸ்டர். ஆட்டோல விட்டுர்றேன்."

"அவரு வருவாரு. நீங்கள்லாம் கெளம்புங்க."

அவர்கள் போகிறவரை அவர் எழுந்திருக்கப் போவதில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் பின் ஒருவராக வாசலை நோக்கி நடந்தார்கள். ஒவ்வொருவரும் இடது காலைக் கவனமாக, உயரமாக, சத்தமே வராமல் தூக்கித் தூக்கி வைத்தார்கள். மாஸ்டர் எவ்வளவு சொல்லியும் வராத நடை, அன்றைக்கு வந்துவிட்டது. பார்க்க அவருக்கு முதுகுகள் மட்டும் இருந்தன.

தை பிறந்தது. பந்தி ஹாலுக்குள் சாம்பார் வாளி வந்தது. அன்னக்கொடி நேர்ந்துகொண்டபடி மாரியம்மன் உண்டியலில் வெள்ளிக் காலைப் போட்டுவிட்டுத் தெப்பக்குளத்துப் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். கடையில் வாங்கும்போது அது இடது காலா வலது காலா என்று கேட்டிருக்கிறார். கடைக்காரருக்கே தெரியவில்லை. "அம்மனுக்குத் தெரியும், போடுக்கா" என்றிருக்கிறார்.

இந்த வருஷம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து சீதாலட்சுமியைக் கூப்பிட்டார்கள். ஸ்டெப் போட ராகேஷ் என்று ஒரு பையனை வைத்திருக்கிறார்களாம். மேடம் உட்கார்ந்த இடத்திலிருந்து இயக்கினால் போதுமாம். அழைப்பிதழில் முதல் தடவையாக அவர் பெயர் வந்தது. இயக்கம் என்று ஒரு வரி, நடன அமைப்பு என்று அதற்குக் கீழே இன்னொரு வரி. மேல் வரியில் அவர், கீழ் வரியில் ராகேஷ். ஒத்திகையில் பேச்சு முடிந்து பாட்டு ஆரம்பித்ததும் யாரோ ஒரு டீச்சர் அவரிடம் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை வாங்கிக் குடித்தார்.

இவ்வளவையும் எழுதியவன், எழுதியதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தான். ஒரு மத்தியான நேரம். கீழே கடையில் வெங்கடேஷ்பாபு யாருக்கோ சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். மேலே சீதாலட்சுமி மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு தாள்களை மடியில் வைத்துப் படித்தார். நடராசர் வந்த இடத்தில் சிரித்துவிட்டார்.

"சாமி குத்தம்டா" என்றார். "பரீட்சைக்கு இம்புட்டு எழுதியிருந்தா பாஸாகியிருப்ப."

"பரீட்சையில ஒங்களப் பத்திக் கேக்கலையே மாஸ்டர்."

அப்புறம் அவர் சிரிக்கவில்லை. போட்டோவுக்கு அசையாமல் இருந்த இடத்தில் ஒரு தாளைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"தொண்ட வறண்டு போச்சு. உள்ள போயி கொஞ்சம் தண்ணி கொண்டா."

எழுதியவன் அடுப்படிக்குப் போனான். செம்பில் தண்ணீர் மோந்துகொண்டு திரும்பி வந்தான். சீதாலட்சுமி தலை நிமிரவில்லை. கண் தாளில்தான் இருந்தது.

"தலைப்புல கணக்கு தப்பு" என்றார்.

"ஒங்க காலச் சேக்கலன்னு சொல்றீங்களா?"

"என் காலச் சொல்லல."

"சக்கரம் எப்பிடி மாஸ்டர் நொண்டும்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அடுப்படியிலிருந்து அவன் நின்ற இடம்வரை தரையைப் பார்த்தார். பிறகு அவன் கால்மேல் வந்து கண் நின்றது.

"மத்தவங்களுக்கெல்லாம் அன்னைக்கே போயிருச்சு" என்றார். "ஒனக்கு மட்டும் ஏன்டா இன்னும் போகல?"